கிளப் கடிகாரத்தில் பத்து நிமிடம்

எனக்கு யாரிடமும் எதையும் கேட்க வாய் வராது. சோறு விக்கினால்கூட நானே எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் குடிப்பேனே தவிர, பக்கத்தில் இருப்பவரிடம் செம்பை நீட்டச் சொல்ல மாட்டேன். ரோஷக்காரன் என்று தோட்டத்தில் பெயர் வாங்கியிருந்தேன். அதைப் பெருமையாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னை என்ன பாடு படுத்தியது என்பதை இப்போது சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. லிங்கி பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. காலைப் பிரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதிலிருந்து வெள்ளைக்காரத் துரைக்குக் கடிதம் தட்டச்சு செய்வதுவரை என் வேலை. தொழிலாளர் லயங்கள், எங்கள் குவார்ட்டர்ஸ், ஆபீஸ், கிளப் எல்லாவற்றையும் வளைத்து முள்வேலி போட்டிருந்தார்கள். உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே கேட். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதால், கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசியைக்கூடக் கொண்டுபோக முடியாது. வெளியே போகிறவர்கள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். காவலர்கள் இடுப்பு, மடி, பை எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகிற பெண்களுக்கு அது தினமும் காலையில் நடக்கிற அவமானம். எங்களைப் போன்றவர்களுக்கு எப்போதாவது.

இவ்வளவு கட்டுக்குள்ளேயும் எங்களுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. கிளப்பில் ஒரு பில்லியட் மேசை. துரைமார் கிளப்பில் புதிது வாங்கியபோது பழசை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு மூலை லேசாகச் சாய்ந்திருக்கும், பச்சைத் துணியில் நான்கு இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கும். இரண்டு வெள்ளைப் பந்து, ஒரு சிவப்புப் பந்து, ஆறு குச்சி. அதற்குள்ளேயே எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போயின. மம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து ஐந்தாறு பேர் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு லாரியில் வருவார்கள். ஒரு மாதம் அவர்கள் இங்கே, மறு மாதம் நாங்கள் அங்கே. இரு பக்கமும் ஒவ்வொருவர் மேசையில் இறங்கி ஆட, மற்றவர்கள் சுற்றி நின்று வாய் ஓயாமல் கிண்டல் செய்வார்கள்.

சிவப்பைக் குழியில் போட்டால் மூன்று புள்ளி. நம் பந்து மற்ற இரண்டு பந்தையும் தொட்டால் இரண்டு. முதலில் நூறு எடுப்பவன் வென்றான். ஆனால் ஊரடங்குக்கு முன் வந்தவர்கள் வீடுபோய்ச் சேர வேண்டுமே. அதனால் இன்னொரு விதியும் வைத்திருந்தோம். சுவர்க் கடிகாரம் நாலரைக்கு ஒரு அடி அடித்தவுடன் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும், யார் முன்னால் இருக்கிறாரோ அவருக்கே வெற்றி. மீதி அரை மணி நேரம் கொண்டாட்டத்துக்கு. ஐந்து மணிக்கு லாரி கேட்டில் நிற்க வேண்டும். சீட்டில் அப்படித்தான் எழுதியிருக்கும்.

கிளப் செயலாளர் நான். கொண்டாட்டத்தின் விதியை எழுதியவனும் நான்தான். பரிசாகத் துரை ஏதாவது ஒரு டின் கொடுப்பார், பிஸ்கட்டோ பழமோ. வெளித்தோட்டத்துக்காரன் வென்றால் அதைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அது நியாயமில்லை என்று ஒரு கூட்டத்தில் நான் எழுந்து நின்று முழங்கினேன். யார் வென்றாலும் டின்னை அங்கேயே உடைக்க வேண்டும். வென்றவன் தன் கையால் முதலில் தோற்றவனுக்குப் பரிமாற வேண்டும். பிறகு இருக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. கடைசியில் மிஞ்சுவது வென்றவனுக்கு. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த மாதம் துரை கொடுத்தது ஒரு லைச்சி டின்.

என் மனைவிக்கு அப்போது நாலாம் மாதம். அதற்கு முந்திய வருடம் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. இந்த முறை எது சாப்பிட்டாலும் வெளியே வந்துவிடும். கஞ்சி நிற்கவில்லை, இளநீர் நிற்கவில்லை, ரொட்டியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கன்னம் ஒட்டிப்போய், கையிலிருந்த வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. ஒருநாள் படுத்தபடியே, சிரம்பானில் எங்கள் கல்யாண விருந்தில் கண்ணாடிக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீரோடு கொடுத்தார்களே, வெள்ளையாக ஒரு பழம், அது கிடைத்தால் சாப்பிடுவேன் என்றாள். அவள் சொன்னது லைச்சிப் பழம். சாப்பிடுவேன் என்ற சொல்லை அவள் வாயால் கேட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. தோட்டத்துக் கடையில் டின் விற்பதை நிறுத்தி வைத்திருந்தார்கள். சிரம்பானில் வாங்கினாலும் வழியில் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கொண்டுவர முடியாது.

எங்கள் தோட்டத்தில் தனியாக டிரசர் கிடையாது. மம்பாவ் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டிருந்த டிரசர்தான் புதன்கிழமைதோறும் எங்களுக்கும் வந்து மருந்து கொடுப்பார். நாற்பதைத் தொடப்போகிற வயது, நெட்டையான மனிதர், பேச்சு குறைவு. அந்தப் புதன்கிழமை அவளைப் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்தார். எது கேட்டாலும் கொடுங்கள், அடுத்த புதனுக்குள் ஏதாவது உள்ளே நிற்காவிட்டால் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதுதான் என்றார். முந்திய பிள்ளை போனது அந்த ஆஸ்பத்திரியில்தான். அந்தப் பெயரைக் கேட்டாலே அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். நான் தலையை ஆட்டினேன். லைச்சியைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஞாயிறு அவர்கள் பக்கம் ஆட இறங்கியவர் அதே டிரசர். எங்கள் பக்கம் நான்.

அவர் ஆட்டம் எனக்கு அத்துப்படி. முதல் ஒரு மணி நேரம் தூங்கி வழிவார். மேசை எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த ஒட்டில் பந்து தடுக்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு எழுந்துகொள்வார். அதற்கப்புறம் அவரைப் பிடிக்க எங்கள் பக்கம் ஆளில்லை. இரண்டு மணிக்குத் தொடங்கினோம். மூன்றரைக்குமேல் தேநீருக்கு நிறுத்தியபோது நான் அறுபத்தொன்று, அவர் ஐம்பது. எங்கள் ஆட்கள் என் முதுகில் தட்டினார்கள். ஆனால் இனிமேல்தான் அவர் எழுந்துகொள்வார் என்று எனக்குத் தெரியும்.

எல்லோரும் தேநீருக்கு வராந்தாவுக்குப் போனார்கள். மேசைத் துணியைத் துடைக்கிறேன் என்று நான் உள்ளே நின்றுகொண்டேன். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது செயலாளர் வேலை. அதன் கண்ணாடிக் கதவு எப்படித் திறக்கும் என்று எனக்கு மட்டுமே தெரியும். ஸ்டூலில் ஏறினேன். பெரிய முள்ளை விரலால் பத்து நிமிடம் முன்னால் தள்ளினேன். இறங்கி, ஸ்டூலை இருந்த இடத்திலேயே வைத்தேன். இவ்வளவும் செய்ய அரை நிமிடம்கூட ஆகவில்லை. வராந்தாவுக்குப் போய்த் தேநீரும் குடித்தேன், கை நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நான் நினைத்தபடியே அவர் எழுந்துகொண்டார். அறுபது, எழுபது, எண்பது என்று ஏறினார். இடையில் எனக்கும் முப்பது கிடைத்தது. நான் தொண்ணூற்றொன்றில் நிற்க அவர் எண்பத்தொன்பதுக்கு வந்துவிட்டார். ஆட்டம் அவர் கையில். சிவப்பு குழியின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊதினால் விழும். அவர் குச்சிக்குச் சாக்கட்டி தேய்த்துவிட்டு, குனிந்து, வெள்ளைக்குப் பின்னால் குச்சியை வைத்தார். கடிகாரம் ஒரு அடி அடித்தது.

அவர் குச்சியை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். இன்னொருவராக இருந்தால் காது கேட்காதவர் மாதிரி அந்த ஒரு அடியை அடித்திருப்பார். நானே அடித்திருப்பேன். அவர் குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு நடந்தது கொண்டாட்டம். முன்பெல்லாம் பட்டாசு கொளுத்துவோம். வேலி போட்ட பிறகு அந்தச் சத்தத்துக்குத் தடை. அதனால் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துத் தாளம் போடுவார்கள். வென்றவன் குச்சியைத் தோளில் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றிக் காவடி ஆட வேண்டும். மூன்று சுற்று வழக்கம். நான் ஆறோ ஏழோ ஆடினேன். ஆட்டத்தை நிறுத்தினால் யாராவது நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் என்னை ஆட்டிவைத்தது. கிராணிக்கு இன்றைக்கு அருள் வந்துவிட்டது என்று கிண்டல் செய்தார்கள். தோற்ற டிரசர் ஒரு ஓரமாக நின்று, முகம் மலர்ந்து, தாளம் தப்பாமல் எனக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்.

நான் மூச்சு வாங்கி நின்றபோது அவர் ஆணியில் தொங்கிய தன் கோட்டை எடுத்து மாட்டினார். ஆடும்போது இடைஞ்சலாக இருக்கும் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுவைப்பது அவர் வழக்கம். அங்கிருந்தவர்களில் கைக்கடிகாரம் வைத்திருந்தது அவர் ஒருவர்தான். அதை நான் அடியோடு மறந்துபோயிருந்தேன். எடுத்துப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. நோயாளியின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை. அப்புறம் கைக்கடிகாரத்தின் திருகாணியை இழுத்து, முள்ளைத் திருப்பி, சுவர்க் கடிகாரத்தோடு சரியாக வைத்துக் கையில் கட்டிக்கொண்டார்.

அவர் தன் கடிகாரம்தான் தவறு என்று நினைத்தாரா, இல்லை தெரிந்தே செய்தாரா என்று புரியவில்லை. புரிந்துகொள்ள நான் விரும்பவும் இல்லை.

டின்னை உடைத்தேன். விதிப்படி முதல் பழத்தை அவர் தட்டில் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பிறகு ஆளுக்கு ஒன்று போட்டுக்கொண்டே போனேன். அவர்கள் ஆள் ஒருவர் இன்னொன்றுக்குத் தட்டை நீட்டினார். டிரசர் அவர் கையை மெதுவாகக் கீழே இறக்கினார். "விடுங்க. அது ஜெயிச்சவருக்கு" என்றார். தெரிந்தேதான் செய்கிறார் என்று அப்போது எனக்கு உறுதியாகிவிட்டது. கிண்ணத்தில் ஒன்பது பழமும் பாதி டின் சர்க்கரைத் தண்ணீரும் மிஞ்சின. அதைத் தூக்கிக்கொண்டு, அவர்களை வழியனுப்பக்கூட நிற்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். முதல் பழத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது. மூன்றாவது. நான் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. நாலாவதைக் கடித்துக்கொண்டே வாளியைக் கீழே வைக்கச் சொன்னாள். உட்கார்ந்து அழுதுவிடலாம் போல எனக்கு இருந்தது.

"டிரசரா தோத்தாரு?" என்றாள். அவளுக்கும் அவர் ஆட்டம் தெரியும். தோட்டத்தில் தெரியாதவர்கள் கிடையாது.

அவளிடம் என்னால் பொய் சொல்ல முடிந்ததில்லை. சொன்னேன். முள்ளைத் தள்ளியது, அவர் தன் கடிகாரத்தைத் திருப்பி வைத்தது, எல்லாமும். அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"எனக்கு வேணும்னு கேட்டிருந்தா அவரு குடுத்திருப்பாரே."

கேட்க வாய் வரவில்லை என்றேன்.

"கேக்க வாய் வராது, முள்ளைத் தள்ள மட்டும் கை வரும், அப்படித்தானே?"

கிண்ணத்தை என் பக்கம் நீட்டுவாள், எனக்கு இது வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இதை நான் திருப்பித் தரமாட்டேன். இது பிள்ளைக்கு. நான் சாப்பிடுறேன். லாரி போறதுக்குள்ள நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்க."

கேட்டை நோக்கி நான் நடந்தேன் என்றுதான் சொல்ல ஆசை. ஓடினேன், வேட்டி தடுக்கத் தடுக்க. அங்கே போய்ச் சேர்ந்தபோதுதான் என் காரியத்தின் இன்னொரு முனை தெரிந்தது. கேட்டில் காவலர் சாவடிக்குள் வேறு ஒரு கடிகாரம் இருக்கிறது. தோட்டத்து நேரம் முழுவதும் என் கையில் இருப்பதாக நினைத்துப் பழகியவனுக்கு அது உறைக்கவே இல்லை. கேட்டுக் கடிகாரத்தில் ஐந்துக்கு இன்னும் பத்து நிமிடம். ஒரு நாளும் நேரத்துக்கு முன்னால் வராத கூட்டம் இன்றைக்கு ஏன் அவசரப்படுகிறது என்று மலாய்க்காரக் கார்ப்பரலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லாரியிலிருந்து எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தியிருந்தார். ஒருமுறை தடவிப் பார்த்து முடித்து, இரண்டாம் முறை தொடங்கியிருந்தார்கள். ஆறு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றார்கள். எங்கள் கிளப்புக்கு விருந்தாளியாக வந்தவர்கள் என்னால் அப்படி நின்றார்கள்.

லாரி டிரைவர் மலாயில் வாதாடிக்கொண்டிருந்தார். கிளப் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கிளம்பினோம், வேண்டுமானால் போய்ப் பாருங்கள் என்றார். அதற்கு டிரசர், தூக்கிய கையை இன்னும் கொஞ்சம் தூக்கி, மணிக்கட்டைக் கார்ப்பரல் பக்கம் திருப்பிக் காட்டினார். என் வாட்சும் அதே நேரம்தான் காட்டுகிறது, உங்கள் கடிகாரத்தைச் சரிபாருங்கள் என்று மலாயில் நிதானமாகச் சொன்னார். வாழ்க்கையில் மருந்து அளவைக்கூட ஒரு துளி மாற்றிச் சொல்லாத மனிதர்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அவர் முன்னால் போய் நின்று எல்லோர் காதிலும் விழும்படிச் சொன்னேன்.

"டிரசர், கிளப் கடிகாரத்தை நான்தான் தள்ளி வெச்சேன். பத்து நிமிசம். மேட்ச் உங்களோடது."

கையைத் தூக்கியபடியே அவர் என்னைப் பார்த்தார்.

"பத்து நிமிசத்துல நான் ஜெயிச்சிருப்பேன்னு என்ன நிச்சயம் கிராணி?"

"நிச்சயமாத் தெரியும். அதனாலதான் தள்ளினேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு சத்தமாக அவர் சிரித்து நான் கேட்டதில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஒருவர் என்னைத் திட்டத் தொடங்கினார். வாங்கிக்கொண்டேன். டிரசர் அவரை நிறுத்தினார். நான் கிண்ணத்தோடு வீட்டுக்கு ஓடியதை அவர் பார்த்திருந்தார். ஒரு காவலர் அவருடைய காற்சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருக்க, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டா. நிக்குது."

"எத்தனை?"

"நான் வர்றப்ப நாலு. மிச்சத்தையும் குடுக்க மாட்டேன்னுட்டா."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "புதன்கிழமை சிரம்பானுக்கு எழுத வேண்டியதில்லை" என்றார். அப்புறம் தன் ஆட்கள் பக்கம் திரும்பி, நாம் ஜெயித்துவிட்டோம் என்று சொன்னார். ஆறு பேரின் கையும் ஏற்கெனவே தலைக்குமேல்தான் இருந்தது. அப்படியே ஆட்டிக்கொண்டு ஓவென்று கூச்சல் போட்டார்கள். கார்ப்பரல் ஓரடி பின்வாங்கித் துப்பாக்கியில் கைவைத்தார். டிரைவர் அவசர அவசரமாக விவரம் சொன்னார். கார்ப்பரல் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, எங்களோடு பழகிப் பழகிக் கற்றுக்கொண்ட, மலாய் 'லா' சேர்ந்த தமிழில், "கிராணி தோத்தாச்சுலா, கை தட்டுலா" என்றார்.

தட்டினேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. வெட்கம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட அந்த நெட்டை மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. கையை இறக்கலாம் என்று கார்ப்பரல் சொன்னதும் அவர் முதலில் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றினார், கேட்டுக் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சரி செய்தார். அப்போதுதான் நான் அவரிடம் கேட்டேன். புதன்கிழமை வரும்போது எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போக முடியுமா என்று கேட்டேன். என் வாயிலிருந்து அது வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"உங்க வீட்டுக்காரம்மா சமைக்கிற அளவுக்கு எழுந்திரிச்சா வர்றேன்" என்றார்.

அந்தப் புதன்கிழமை வந்தார். ரசமும் சோறும் சாப்பிட்டார். எதிரில் உட்கார்ந்து அவளும் ஒரு தட்டு சாப்பிட்டாள்.